கோவணத்துக்கு ஒரு பூனை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன வாரம் ஃபோன் செய்து, "மேடையில கொஞ்ச நேரம் பேசணும், தலைப்பு உன் இஷ்டம்" என்றார். எனக்கு முன்னால் பேசிய நண்பர்கள் தொழில் தொடங்குவது பற்றியும் செயற்கை நுண்ணறிவு பற்றியும் அருமையாகப் பேசிவிட்டார்கள். எனக்கு அதெல்லாம் வராது. பணத்தை எப்படிச் சம்பாதிப்பது என்று சொல்ல இங்கே ஐம்பது பேர் இருக்கிறார்கள். அதை எப்படிக் கோட்டை விடுவது என்பதில்தான் எனக்கு அனுபவம். அதையே பேசுகிறேன்.

நான் வீடியோ கேம் சேர்ப்பவன். ஐம்பது வயது தாண்டிய ஒருவன் இதைச் சொன்னால் சிரிப்பு வரத்தான் செய்யும். தபால்தலை சேர்க்கிறேன் என்றால் யாரும் சிரிப்பதில்லை. சரி, போகட்டும்.

ஆரம்பம் இந்தக் கல்லூரிதான். 1991-ல் எங்கள் விடுதியில் 47-ஆம் அறை நண்பன் ஊரிலிருந்து ஒரு டி.வி. கேம் பெட்டி கொண்டு வந்தான். ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் 1983-ல் ஃபேமிகாம் என்று ஒரு பெட்டியை விற்றது. அமெரிக்காவில் அதுவே 1985-ல் என்.இ.எஸ். என்ற பெயரில் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தது. நமக்குக் கிடைத்ததோ அதன் நகல். அதில் செருகும் அட்டைக்கு அமெரிக்காவில் வேறு பெயர். நமக்கு அது 'கேசட்'. கேசட் மேல் '9999999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். உள்ளே எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு ஆட்டம்தான், அதையே திருப்பித் திருப்பிப் போட்டிருப்பான். படம் வரவில்லை என்றால் கேசட்டைக் கழற்றி ஊதுவோம். ஊதினால் எச்சில் ஈரம் பட்டு செம்புக் கால்கள் கெட்டுப்போகும், ஊதாதே என்று அந்த நிறுவனமே சொல்லியிருக்கிறது. நாம் யார் சொல்லைக் கேட்டோம்!

சனிக்கிழமை ராத்திரி காமன் ரூம் டி.வி.யில் கான்ட்ரா ஓடும். இரண்டு பேர் ஆட, இருபது பேர் பின்னால் நின்று கத்த, வார்டன் வந்ததும் தூர்தர்ஷன் செய்தி ஓடும். எனக்கு முறை வருவதற்குள் விடிந்துவிடும். "மாப்ள, ஒரே ஒரு லைஃப் குடுடா" என்று கெஞ்சியிருக்கிறேன். கொடுத்ததில்லை. அவன் இங்கேதான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். (சிரிப்பு)

பிற்பாடு வேலை, கல்யாணம், குழந்தை. 2001-ல் கம்பெனி என்னை அமெரிக்காவில் சான் ஹோசே நகருக்கு அனுப்பியது. அங்கே ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் தரையில் விரித்த போர்வை மேல் அதே மரியோ, அதே கான்ட்ரா. விலை இரண்டு டாலர், மூன்று டாலர். யாருக்கும் வேண்டாத பொருளாக அன்று அது கிடந்தது. நான் வாங்கினேன். இதில் தப்பே இல்லை என்று இன்றும் சொல்வேன். மூன்று டாலருக்கு அந்தக் காமன் ரூமே எனக்குத் திரும்பக் கிடைத்தது.

பிரச்சனை அந்த மூன்று டாலர் அல்ல. உங்களுக்குக் கோவணச் சாமியார் கதை தெரியும். கோவணத்தை எலி கடிக்கிறது என்று பூனை வளர்த்தார், பூனைக்குப் பாலுக்காக மாடு, மாட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண், கடைசியில் குடும்பஸ்தர். என் கதை அதன் நகல் கேசட்.

ஊர் திரும்பியதும் என்ன ஆயிற்று பாருங்கள். அமெரிக்கக் கேசட்டுக்கு 72 பின். நம் ஊர் நகல் பெட்டிக்கும் ஜப்பான் பெட்டிக்கும் 60 பின். ஆகவே ஓர் அடாப்டர். அது சரிப்படவில்லை, ஆகவே அமெரிக்கப் பெட்டி. அதன்பின் படித்தேன்: கான்ட்ராவின் ஜப்பான் பதிப்பில் வேறு ஒரு சிப் வைத்திருக்கிறார்கள், அதில் பனி பெய்யும், மரம் அசையும், கட்டங்களுக்கு நடுவே வரைபடம் வரும், அமெரிக்கப் பதிப்பில் அதெல்லாம் கிடையாது என்று. அதைப் பார்க்காமல் செத்துப்போவதா? ஆகவே ஜப்பான் கேசட், ஜப்பான் பெட்டி. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் புகைதான். ஆகவே டிரான்ஸ்ஃபார்மர். அந்தப் பெட்டி அனுப்பும் படம் ஜப்பான் டி.வி. சேனலுக்கானது, நம் டி.வி.யில் வராது; ஆகவே அதைப் பிரித்து வேறு வயர் வைக்க ஒரு செலவு. 'டக் ஹன்ட்' துப்பாக்கி எல்.சி.டி. திரையில் வேலை செய்யாது. நாம் சுடும் கணத்தில் திரை கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். துப்பாக்கி அதைத்தான் பார்க்கிறது. புதிய டி.வி. அதைக் காட்டத் தாமதிக்கிறது, துப்பாக்கி ஏமாந்துபோகிறது. ஆகவே பழைய குண்டு டி.வி. ஒன்று. அதை வைக்க மேஜை. எல்லாவற்றையும் சென்னை ஈரக்காற்றிலிருந்து காப்பாற்றக் கண்ணாடி பீரோ. மூன்று டாலர் கேசட் வீட்டுக்குள் ஒரு தனி அறையைக் கேட்டுவிட்டது. என் மனைவி அந்த அறைக்கு வைத்த பெயர் 'சின்ன வீடு'.

2010-க்குப் பிறகு எனக்குப் போர்வை விரித்த சந்தை போய், ஏல இணையதளங்கள் வந்தன. ராத்திரி படுத்துக்கொண்டே ஜப்பானில் ஒருவர் வீட்டுப் பரணில் கிடப்பதை வாங்கலாம். இதில் நான் கற்ற பாடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். திரையில் தெரியும் விலை வாங்கும் விலை அல்ல. நமக்காக ஏலம் கேட்கும் இடைத்தரகர் கமிஷன், ஜப்பானுக்குள் ஓர் அஞ்சல் செலவு, அங்கிருந்து இங்கே ஒரு செலவு, அப்புறம் சுங்க வரி. ரூ.1,800 என்று நினைத்து வாங்கிய ஒரு கேசட் வீட்டு வாசலுக்கு வரும்போது ரூ.4,600 ஆகியிருந்தது. என் மூளையில் மட்டும் அது 1,800 என்றே பதிவாகும். யாராவது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். பொய் என்றே தோன்றியதில்லை.

இப்போது சொல்லப் போவதை மேடையில் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். "சொல்லுங்க, அதைச் சொல்லலைன்னா மத்ததை ஏன் பேசணும்" என்று மனைவி அனுமதி கொடுத்துவிட்டாள்.

2017 ஜூன் மாதம். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. ஃபீஸும் ஹாஸ்டலும் சேர்த்து முதல் தவணை ஒரு லட்சத்துப் பத்தாயிரம். ஏப்ரலில் அந்தக் கணக்கில் பணம் இருந்தது. அந்த மாதம்தான் ஒருவர் 23 கேசட்டுகளை மொத்தமாக ஏலத்துக்கு விட்டார், எல்லாம் பெட்டியோடு, புத்தகத்தோடு. ரூ.46,000. ஜூனில் வர வேண்டிய ஊக்கத் தொகையை வைத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று எடுத்தேன். கப்பல் செலவும் வரியுமாக இன்னொரு 19,000 ஆயிற்று. ஊக்கத் தொகையை அந்த வருடம் ஆகஸ்ட்டுக்குத் தள்ளிவிட்டார்கள். ஃபீஸ் கட்டக் கடைசி நாளுக்கு மூன்று நாள் முன்னால் கணக்கில் இருந்தது 38,000. குறைவது 72,000. அதில் 65,000 அட்டைப் பெட்டியாக என் பீரோ மேல் உட்கார்ந்திருந்தது.

மனைவியிடம் சொன்னேன். அவள் கத்தவில்லை. கையிலிருந்த நாலு வளையலைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, "பேங்க் மூணு மணியோட நகைக்கடன் எடுக்க மாட்டான், சீக்கிரம் போங்க" என்றாள். 1990-ல் என்னை இந்தக் கல்லூரியில் சேர்க்க அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி இப்படித்தான் அடகுக்குப் போனது. அப்பா அன்று சொன்ன காரணம் மழை பெய்யவில்லை என்பது. எனக்கு அந்தக் காரணமும் இல்லை.

வங்கியில் டோக்கன் வாங்கி உட்கார்ந்திருந்தேன். எடை போடுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். அப்போது சட்டைப் பையில் ஃபோன் அதிர்ந்தது. நான் குறித்து வைத்திருந்த ஒரு கேசட் ஏலம், முடிய இன்னும் ஆறு நிமிஷம். மடியில் மஞ்சள் பையில் மனைவியின் வளையல். நான் ஃபோனை எடுத்து ரூ.9,000 என்று அழுத்தினேன்.

ஆமாம், அழுத்தினேன். வேறு யாரோ புண்ணியவான் அதற்கு மேல் கேட்டுவிட்டார், நான் தோற்றேன். தோற்றதும் எனக்கு வந்தது நிம்மதி அல்ல, கோபம். "சே, பத்தாயிரம் போட்டிருக்கலாமே!" என்று. அப்புறம்தான் கையிலிருந்த பையைப் பார்த்தேன்.

அன்றிரவே திருந்தினேன் என்று சொன்னால் சினிமாவாகிவிடும். அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து, பழைய மின்னஞ்சல் ரசீதுகளைத் தோண்டி, ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லாவற்றையும் எழுதினேன். கணினியில் எழுதாமல் கையால்தான் எழுதினேன். கையால் எழுதும்போது ஒவ்வொரு தொகையும் வலிக்கிறது. 2010 முதல் ஆன செலவு பதினோரு லட்சத்து நாற்பதாயிரம். கேசட்டும் வட்டுமாக 312. அதில் கடைசிவரை ஆடி முடித்தவை 41. ஒரு தடவைகூடப் பெட்டியில் செருகாதவை 170. இது போக, ஸ்டீம் என்ற இணையக் கடையில் 268 ஆட்டம். அதில் பாதிக்கு மேல் திறந்ததே இல்லை. கோடைத் தள்ளுபடி, தீபாவளித் தள்ளுபடி, முக்கால் விலை குறைவு என்று வாங்கிப் போட்டவை. முக்கால் விலை மிச்சம் என்று நினைத்தேன். கால் விலை போனது கண்ணில் படவில்லை. அந்தக் கடை 2015 முதல் ரூபாயிலேயே விலை போட ஆரம்பித்தது வேறு எனக்கு வசதியாகிவிட்டது. டாலரைப் பெருக்கிப் பார்க்கும் அந்த ஒரு நிமிஷத் தயக்கமும் போய்விட்டது.

நோட்டை மனைவியிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தாள். மொத்தத் தொகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "ஏங்க, இதுல கான்ட்ரா ஏன் நாலு தடவை வருது?" என்று மட்டும் கேட்டாள். நகல் ஒன்று, அமெரிக்கா ஒன்று, பெட்டியோடு அமெரிக்கா இன்னொன்று, ஜப்பான் ஒன்று என்று விளக்கினேன். விளக்க விளக்க என் குரல் எனக்கே கேட்கவில்லை.

முதலில் விற்றேன். சேர்ப்பவனுக்கு விற்பது போலக் கொடுமை வேறில்லை. ஆனால் சந்தை என்றால் என்ன என்று விற்கும்போதுதான் தெரிந்தது. இணையத்தில் ஒருவர் பத்தாயிரம் என்று போட்டிருப்பது அவர் ஆசை. போன மாதம் அது என்ன விலைக்குக் கைமாறியது என்பதுதான் விலை. நான் இத்தனை வருடமும் அடுத்தவர் ஆசையைப் பார்த்து என் சொத்து மதிப்பைக் கணக்குப் போட்டிருந்தேன். 140 உருப்படிகளை விற்றேன். சராசரியாகப் போட்டதில் பாதிதான் திரும்பியது. வளையலை மீட்கப் பதினான்கு மாதம் ஆனது.

இதையெல்லாம் முதலீடு என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. 2021 ஜூலையில் பிரிக்காத 'சூப்பர் மரியோ 64' ஒன்று அமெரிக்காவில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனதைக் காட்டுவார்கள். ஒரு கோடிக்கும் மேல் விற்ற ஆட்டம் அது. அரிதானது ஆட்டம் அல்ல, கிழியாத பிளாஸ்டிக் தாள். அந்தக் கொரோனா காலத்தில் ஏறிய விலைகள் பலவும் பிறகு இறங்கிவிட்டன. இன்னொரு கூத்து: 'இ.டி.' என்ற ஆட்டம் விலைபோகாமல், 1983-ல் அட்டாரி நிறுவனம் அந்தக் கேசட்டுகளையும் மற்றவற்றையும் நியூ மெக்ஸிகோவில் குப்பை மேட்டில் புதைத்தது. 2014-ல் தோண்டி எடுத்தார்கள். அந்தக் குப்பையை ஏலம் விட்டு ஒரு லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தார்கள். நல்லவேளை, எனக்கு அந்தச் செய்தி தாமதமாகத் தெரிந்தது.

இப்போது எப்படிச் சமாளிக்கிறேன்? மாதம் ரூ.1,500 ஒரு தனிக் கணக்கில் போகிறது. அதற்குத் தனி அட்டை. அது தீர்ந்தால் தீர்ந்தது, மிஞ்சினால் அடுத்த மாதத்தோடு சேரும். கடைகளில் சேமித்து வைத்த மற்ற அட்டை எண்களையெல்லாம் அழித்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் எழுந்துபோய்ப் பர்ஸை எடுத்துப் பதினாறு எண்ணை அடிக்க வேண்டும். நம்ப மாட்டீர்கள், பாதி ஆசை அந்தப் பர்ஸை எடுக்கும் சோம்பலில் தீர்ந்துவிடுகிறது. இரண்டாவது, அதே நோட்டின் பின்பக்கம். எது வேண்டும் என்று தோன்றினாலும் பெயர், தேதி, வீட்டு வாசல் வரைக்குமான விலை மூன்றையும் எழுதி முப்பது நாள் காத்திருப்பேன். முதல் வருடத்தில் 61 பெயர் எழுதினேன். வாங்கியது 9. மீதியில் பலவற்றை ஏன் எழுதினேன் என்றே ஞாபகமில்லை. பீரோ ஒன்றுதான். ஒன்று உள்ளே வர வேண்டுமானால் ஒன்று வெளியே போக வேண்டும்.

உண்மையில் பெரிய வித்தியாசம் வேறு ஒன்றில் வந்தது. வாங்கும் பசி வரும்போது, இருப்பதைப் பழுது பார்க்க உட்கார்ந்துவிடுவேன். பழைய கேசட்டுகளில் ஆட்டத்தை நினைவில் வைக்க உள்ளே ஒரு பட்டன் பேட்டரி உண்டு. அமெரிக்காவில் 1987-ல் வந்த ஸெல்டா கேசட்டிலேயே அது இருந்தது. அது செத்தால் சேமித்ததெல்லாம் போச்சு. திருகைக் கழற்றி, பழைய பேட்டரியை எடுத்து, புதிதைச் சால்டர் பண்ண வேண்டும். சால்டரிங் கற்றது இதோ நம் எலெக்ட்ரானிக்ஸ் லேபில். "ஈயத்தைச் சுடாதே, இடத்தைச் சுடு" என்று ஐயா தலையில் குட்டியது இன்றும் கையில் இருக்கிறது. ஐம்பது ரூபாய் பேட்டரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துச் செம்புக் கால்களைத் துடைத்தால், ஊதாமலே படம் வரும்.

வழுக்கியதும் உண்டு. 2020 ஊரடங்கில் ஒரு ராத்திரி ரூ.22,000-க்கு ஜப்பான் கைப்பெட்டி ஒன்றை விதியெல்லாம் மீறி வாங்கினேன். உடனே மனைவியிடம் சொல்லிவிட்டேன். பதினைந்து மாதத் தொகை அதிலேயே கழிந்தது. 2017-க்கும் அதற்கும் வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் எனக்கு அது பெரிய வித்தியாசம்.

காத்திருப்பது எப்போதும் சரி என்றும் நான் சொல்ல மாட்டேன். 2023 மார்ச் 27-ல் நின்டெண்டோ தன் பழைய கைப்பெட்டியான 3டி.எஸ்-ன் இணையக் கடையை மூடியது. அங்கே மட்டும் கிடைத்த ஆட்டங்களை அதற்குப் பிறகு காசு கொடுத்தாலும் வாங்க முடியாது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-ல் ஆய்ந்து சொன்னது. யாராவது பாதுகாக்கத்தான் வேண்டும். ஆனால் செருகாத 170 கேசட்டை வைத்துக்கொண்டு நான் வரலாற்றைக் காப்பாற்றுகிறேன் என்று சொன்னது, வாங்கியபின் கண்டுபிடித்த காரணம். அந்தக் கடை மூடும் மாதம் நோட்டில் எழுதி, மூன்றே மூன்று வாங்கினேன். மூன்றையும் ஆடி முடித்துவிட்டேன்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆட்டங்கள் இலவசம். உள்ளே போனபின் உடுப்புக்கு ஒரு காசு, துப்பாக்கி வண்ணத்துக்கு ஒரு காசு, என்ன இருக்கிறது என்று தெரியாத அதிர்ஷ்டப் பெட்டிக்கு ஒரு காசு. அந்தப் பெட்டிகள் சூதாட்டம்தான் என்று பெல்ஜியம் 2018-லேயே சொல்லிவிட்டது. நான் வாங்கியதைப் பாதி விலைக்காவது விற்க முடிந்தது. நீங்கள் வாங்கும் உடுப்பு அந்த நிறுவனம் கணினியை அணைக்கும் நாளோடு சரி. உங்களைத் திட்ட எனக்கு அருகதை இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி எழுதிப் பாருங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். பீரோவில் இப்போது 118 இருக்கின்றன. கான்ட்ரா ஒன்றுதான், அந்தப் பனி பெய்யும் ஜப்பான் கேசட். அதையும் பெட்டியையும் டிரான்ஸ்ஃபார்மரையும் காரில் கொண்டுவந்திருக்கிறேன். குண்டு டி.வி.யைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு காமன் ரூமில் வைக்கிறோம். 47-ஆம் அறைக்காரனுக்குக் கடைசியில்தான் முறை.